கடலுக்கு ஒன்று

முப்பத்திரண்டு வயதில் ஓய்வு பெற்றவள் நான் என்று சொன்னால் சனம் சிரிக்கிறது. நானும் சிரித்துக்கொண்டுதான் சொல்கிறேன், ஆனால் பகிடி இல்லை. போன வருடம் ஒரு காலையில் எழும்பிக் கண்ணாடியைப் பார்த்தால் எனக்குக் கண்கள் இல்லை. அந்த இடத்தில் இரண்டு உளுந்து வடைகள் இருந்தன. கழுத்து, காதுக்குப் பின்புறம், முழங்கையின் உட்பக்கம் எல்லாம் தடித்துச் சிவந்திருந்தது. தோல் வைத்தியர் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்ன வேலை செய்யிறீங்கள்?" என்று கேட்டார்.

"கால் செய்யிறனான்" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். காபன் நூலையும் எபொக்சிப் பிசினையும் சேர்த்துச் செயற்கைப் பாதம் செய்கிற வேலை என்று விளங்கப்படுத்தினேன். பிசின் என்ற சொல்லைக் கேட்டதும் அவருக்கு மிச்சம் தேவைப்படவில்லை. "இனி அதுக்குக் கிட்டப் போக ஏலாது. கையுறை போட்டும் ஏலாது. அது இருக்கிற அறைக்குள்ள நிக்கவும் ஏலாது. உடம்பு ஒருதரம் வெறுத்திட்டா வெறுத்ததுதான்." எவ்வளவு காலத்துக்கு என்று கேட்டேன். அவர் பேனையை மூடிச் சட்டைப்பையில் வைத்தார்.

அதோடு என் உத்தியோகம் முடிந்தது. வேலைத்தளத்தில் என்னைப் 'பென்சன்காரி' என்று கூப்பிடத் தொடங்கினார்கள், பென்சன் மட்டும் வரவில்லை.

போன கிழமை அங்குள்ள பிள்ளைகள் ஒரு வீடியோ அனுப்பியிருந்தார்கள். என் தொட்டியைக் கழற்றுகிறார்கள். உருளைகளை ஒருவன் தோளில் தூக்கிக்கொண்டு போகிறான். இப்போது எல்லாம் செய்து முடித்த நூலே பெட்டியில் வருகிறதாம், இங்கே ஒன்றும் செய்யத் தேவையில்லையாம். "அக்கா, எங்கட ஆண்டு மலருக்கு அந்தத் தொட்டியைப் பற்றி எழுதித் தாங்கோ. புதுசா வந்த ஆக்கள் மீன் வளர்த்த தொட்டியோ எண்டு கேக்கினம்" என்று குரல் செய்தி வேறு. மீன் வளர்த்த தொட்டி! அதற்காகவே எழுதுகிறேன்.

பயிற்சிக் காலத்தைச் சுருக்கமாகவே முடித்துவிடலாம். பல்கலைக்கழகத்தில் இரசாயனம் படித்தேன், வேலை தேடினேன், கிடைக்கவில்லை. அம்மாவோடு ஒருநாள் துறைமுக ஓரத்து வேலைத்தளத்துக்குப் போனேன், திரும்பி வரவில்லை.

என் அம்மா வலைப்பந்துப் பயிற்றுநர். திருகோணமலையில் அவவைப் பெயர் சொல்லி ஆரும் அறியமாட்டார்கள், 'டீச்சர்' என்றால் போதும். ஒரு பஸ் விபத்தில் இடக்கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. முதலில் கொடுத்த இறப்பர்ப் பாதத்தோடு அவ நடந்தா, ஆனால் மைதானத்தில் கதிரையில்தான் இருந்தா. பிறகு இந்த வேலைத்தளத்தில் காபன் பாதம் செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனோம். பாதம் என்றால் விரல், நகம் எல்லாம் வைத்த பொம்மைக் கால் இல்லை. வளைந்த கறுப்புத் தகடு. குதியில் அழுத்தினால் வளையும், எடுக்கும்போது உந்தித் தள்ளும். அம்மா அதைப் பூட்டி, எழும்பி, ஒருதரம் துள்ளிப் பார்த்தா. பிறகு இன்னொருதரம். பிறகு அழுதா. நான் அழவில்லை. இந்தத் தகட்டுக்குள் என்ன இருக்கிறது, எப்படி ஒட்டுகிறது, ஏன் உடையவில்லை என்று அங்கிருந்தவர்களை அரித்துக்கொண்டிருந்தேன். பொறுப்பாக இருந்த யோகா மிஸ் கடைசியில், "பிள்ளை, திங்கக்கிழமை வாரும். வேலை செய்துகொண்டு கேளும், எங்களுக்கும் காது நோகாது" என்றா.

அது முன்பு பைபர் படகு கட்டிய இடம். பாதித் தளத்தில் படகுவேலை அப்போதும் நடந்தது, மற்றப் பாதியில் கால். படகு கட்டியவர்களே காலும் செய்தார்கள்.

முதல் நாளே மிஸ் எனக்கு ஒரு அடி தந்தா. கையால் இல்லை. இரண்டு கறுப்புத் துண்டுகளைக் கையில் தந்து, ஒவ்வொன்றாய் அழுத்தும் கருவியில் வைத்து உடைக்கச் சொன்னா. பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். முதலாவது நிறையத் தாங்கி, முனகி, நார் நாராய்க் கிழிந்தது. இரண்டாவது கொஞ்ச அழுத்தத்திலேயே பிளந்தது, உள்ளேயிருந்து நூல் அப்படியே வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. வெண்ணெயில் இருந்து தலைமயிரை இழுக்கிற மாதிரி, சுத்தமாக, ஒரு துளி பிசின்கூட ஒட்டாமல்.

"இந்த ரெண்டாவதில உம்மட அம்மா நிண்டிருந்தா?" என்றா மிஸ்.

நான் அந்த நூலைப் பார்த்தபடி நின்றேன். இரும்பைவிடப் பலம் என்று பாடப் புத்தகத்தில் படித்த பொருள் இது. பலம்தான். ஆனால் தனியாகப் பலம். பிசினோடு பிடிப்பு இல்லாவிட்டால் அந்தப் பலத்தால் ஒருவருக்கும் பயனில்லை. உலையிலிருந்து வருகிற காபன் இழையின் மேற்பரப்பு எண்ணெய் பூசிய பளிங்கு மாதிரி. பிசின் அதைத் தொடும், பிடிக்காது. பிடிப்பதற்கு அந்த மேற்பரப்பில் ஒட்சிசனைக் கொண்டுபோய் ஏற்ற வேண்டும். எங்களுக்கு அன்பளிப்பாய் வந்து குவிந்திருந்ததோ அப்படி எந்த வேலையும் செய்யாத மொட்டை நூல். அதற்குத்தான் தொட்டி.

புதிதாய் வந்தவர்களுக்காக ஒழுங்காகச் சொல்கிறேன். பிஸ்கற் பொங்குவதற்கு வெதுப்பகத்தில் போடுகிறார்களே ஓர் அமோனியா உப்பு, அதைத் தண்ணீரில் கரைத்துத் தொட்டியில் நிரப்புவோம். மூக்கில் ஏறும். நூல் சுருளிலிருந்து கழன்று உலோக உருளையின் மேல் ஏறும், அந்த உருளை வழியாக நூலுக்கே மின்சாரம் போகும். தொட்டிக்குள் எதிரே இரும்புத் தகடுகள். நூல் தண்ணீருக்குள் மெதுவாக நீந்திப் போகும்போது அதன் தோல் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு அரிக்கப்படும், ஒட்சிசன் ஏறும். பிறகு இரண்டு தொட்டி நல்ல தண்ணீரில் கழுவல், சூடான காற்றில் உலர்த்தல், வேறு சுருளில் சுற்றல். அந்தச் சுருள் அடுத்த மேசைக்குப் போய் மெல்லிய பிசின் பூச்சு வாங்கும். மின்சாரம் எவ்வளவு, வேகம் எவ்வளவு என்று நானும் மிஸ்ஸும் துண்டு துண்டாய் உடைத்து உடைத்துத்தான் கண்டுபிடித்தோம்.

ஒரு காலுக்கு வேண்டிய நூலைத் தனிச் சுருளாக ஓட்டுவோம். ஆளின் நிறை, நடை எல்லாம் வேறு வேறு, ஆகவே நூலின் அளவும் வேறு. சுருளில் பெயர் எழுதிய நாடாத் துண்டு ஒட்டியிருக்கும். பரிசோதனைக்கு உடைக்கிற துண்டுகளை மட்டும் பொதுச் சுருளிலிருந்து எடுப்போம்.

நடுவில் ஒரு திகைப்பு. காபன் நூலின் பஞ்சு காற்றில் பறக்கும், அது மின்சாரத்தைக் கடத்தும். இது எனக்குத் தெரியும், பரீட்சையில் எழுதியும் இருக்கிறேன். ஆனால் சுவரில் இருந்த மின்பெட்டிக்கு அது தெரியாதே! ஒருநாள் நான் அதன் கீழே நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது பெட்டிக்குள்ளே நீல வெளிச்சம், படார் என்று ஒரு சத்தம், கதவு திறந்து என் தலைக்கு மேலால் ஆடியது. தேநீர் என் சட்டையில். தொட்டியை ஓட்டுகிற சித்தீக் நானா ஓடி வந்து என்னை மேலும் கீழும் பார்த்து, "வினோ புள்ள, கரண்ட் நூலுக்குத்தான் குடுக்கச் சொன்ன, உங்களுக்கு இல்ல" என்றார்.

சித்தீக் நானா, எங்களுக்கெல்லாம் அண்ணன் மாதிரி, கிண்ணியாக்காரர். வாழ்நாள் முழுக்கப் படகு கட்டியவர். பெரிய உடம்பு, சின்னக் குரல். என் தொட்டிக்கு அவர் வைத்த பெயர் 'ஹமாம்', குளியல் மண்டபம். நூலை உருளையில் ஏற்றும்போது, "எங்கட வீட்டுப் பொம்புளைகள்ட முடிக்கும் இவ்வளவு குளிப்பாட்டல் இல்ல" என்பார். சிக்கு விழாமல் நூல் ஓட்ட அவரைப்போல் ஆளில்லை.

மிஸ்ஸின் விதம் வேறு. அவ ஏசிக் கேட்டவர் ஒருவரும் இல்லை. கணவருடைய பழைய சட்டையைச் சேலைக்கு மேலே போட்டுக்கொண்டு, பொக்கற்றில் வறுத்த கச்சான் கடலையோடு திரிவா. நான் துள்ளிக் குதித்துக்கொண்டு போய், "மிஸ், இந்த முறை பிடிப்பு நல்லாக் கூடியிருக்கு" என்றால், கச்சான் கோதை ஊதிவிட்டு, "உடைச்சுப் பாத்தீரோ?" என்பா. அவ்வளவுதான். உடைத்தது எவ்வளவு பாரத்தில் என்பது அவவுக்கு இரண்டாம் கேள்வி. முதல் கேள்வி, "சத்தம் எப்பிடி?" நல்ல கால் உடைவதற்கு நாள் கணக்காய் முன்பே கீச்சிடும், முறுகும், போட்டிருப்பவர் வந்து முறைப்பாடு சொல்வார், மாற்றிக் கொடுத்துவிடலாம். பிறகு அவ ஒரு சிறு பஞ்சை எடுத்து உடைந்த முகத்தின் மேல் மெதுவாக இழுப்பா. பஞ்சு நீளமாய்ச் சிக்கி இழுபட்டால் பிடிப்புக் குறைவு. கொஞ்சம் கொஞ்சமாய்த் தொற்றினால் சரி. "தொற்றவே இல்லாட்டி?" என்று ஒருதரம் கேட்டேன். "அது இன்னும் மோசம்" என்றா. "பிடிப்புக் கூடினால் நல்லந்தானே மிஸ்?" "எல்லாம் ஒண்டா இறுகிப் போனால் ஒரு வெடிப்பு வந்தா அது எங்க நிக்கும்? ஒரு நூலை அறுத்துக்கொண்டு அடுத்த நூலுக்கு, நேரா. கொஞ்சம் விட்டுக் குடுத்தால்தான் வெடிப்பு வழி தவறிச் சாகும்." கேட்டேன், தலையாட்டினேன். அப்படி ஒரு முகத்தை நான் கண்டதில்லை.

கண்டேன். கலீல் கொண்டுவந்தார்.

கலீல் மூதூர்க்காரர், சித்தீக் நானாவின் தங்கை மகன். இறங்குதுறையில் மீன்பெட்டி இறக்குகிறவர். வலக்கால் எங்கள் கால். அன்று காலை ஒரு கையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, ஊன்றுகோலில், மறு தோளில் சொப்பிங் பையோடு வந்து சேர்ந்தார். நெற்றியில் தையல். பையை மேசையில் கவிழ்த்தார். கால் இரண்டு துண்டாய் விழுந்தது.

"மாமாட பக்டரிக் கால் மாமா மாதிரியே மிஸ். சொல்லாமக் கொள்ளாம உட்டுட்டுப் போயிட்டு."

சித்தீக் நானா தொட்டியை நிறுத்திவிட்டு ஓடி வந்தார். "எப்படிடா?"

"படகில இருந்து இறங்குதுறைப் பாலத்துக்குக் குதிச்ச. தினமும் குதிக்கிறதுதான். கால் பட்டிச்சி, கால் இல்ல. நான் பெட்டியோட படகுக்கும் பாலத்துக்கும் நடுவுல. மீன் எல்லாம் திரும்பிக் கடலுக்குப் போயிட்டு, நான் மட்டும் போகல்ல. அல்லாஹ் காப்பாத்தின."

"சத்தம்?" என்றா மிஸ்.

"ஒண்டுமில்ல மிஸ். முந்தியும் இல்ல. சோடாப் போத்தல் மூடி கழண்ட மாதிரி ஒரு 'டிக்'."

மிஸ் பஞ்சை எடுத்து இழுத்தா. பஞ்சு கண்ணாடியில் போவதுபோல் போனது. ஒரு நார் தொற்றவில்லை. உடைந்த முகம் தட்டையாய், பளபளவென்று, வாளால் அறுத்த செங்கல் மாதிரி இருந்தது. மிஸ்ஸின் மறு கையில் இருந்த கச்சான் அப்படியே இருந்தது, அவ வாயில் போட மறந்துவிட்டா. அதுதான் என்னைப் பயப்படுத்தியது.

எனக்கு முதலில் வந்தது நம்பாமை. தொட்டியின் மின்சாரம் பார்த்தேன், சரி. வேகம் சரி. கரைசல் சரி. கலீலின் கால் செய்த கிழமையில் உடைத்த பரிசோதனைத் துண்டுகளை எடுத்துப் பஞ்சு இழுத்தேன், எல்லாம் அளவாய்த் தொற்றின. ஒரே தொட்டி, ஒரே கரைசல், ஒரே கை. ஆனால் ஒரு கால் மட்டும் எப்படிக் கண்ணாடியானது? வீட்டுக்குப் போய்ச் சோறு தின்னாமல் அம்மாவின் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவ கொஞ்ச மாதங்களுக்கு முன்புதான் எங்களிடம் புதிதாய் ஒன்று மாற்றியிருந்தா. "என்ன பார்க்கிறாய், கண்ணு வைக்கிறியோ? இவ்வளவு நாளில எனக்குக் கிடைச்ச நல்ல கால் இது. பிள்ளையளுக்குத் துள்ளியே காட்டுறன்" என்றா. கீச்சிடுகிறதா என்று கேட்டேன். "மூச்சே விடாது" என்றா பெருமையாக. கலீலின் காலும் முன்பு சத்தம் போடவில்லை.

அடுத்த நாள் மிஸ் சித்தீக் நானாவிடம் பெயர் ஒட்டாத ஒரு சுருளைக் கொடுத்து, ஓட்டச் சொன்னா. ஓட்டினார். அதில் ஒரு பிழையும் இல்லை. மிஸ் யோசித்தா. பிறகு இன்னொரு சுருளைக் கொடுத்து வேறு மாதிரிக் கேட்டா.

"நானா, இதைக் கலீலின்ர காலுக்கு ஓட்டின மாதிரி ஓட்டுங்கோ."

"ஓ" என்றார் சித்தீக் நானா, சாதாரணமாக. நூல் தொட்டிக்குள் போனது, கழுவுப்பட்டது, உலர்ந்தது, சுற்றி முடிந்தது. நான் மூச்சு விட்டேன். அவர் அந்தச் சுருளைக் கழற்றினார். அடுத்த மேசைக்குக் கொண்டுபோகவில்லை. தொட்டியின் தலைப்பக்கம் நடந்து போய், "பிஸ்மில்லா" என்று சின்னக் குரலில் சொல்லி, மறுபடி உருளையில் ஏற்றினார்.

"நானா, என்ன செய்யிறீங்கள்?" கிட்டப் போய்க் கேட்டேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். ஒரு ஒளிப்பும் இல்லாத முகம். "கடலுக்கு ஒண்டு" என்றார்.

படகுத்தளத்தில் எல்லாருக்கும் அது தெரியும், எனக்கும் தெரியும். படகுக்கு எத்தனை படை பைபர் என்று கணக்கு இருக்கும். கணக்கு முடிந்த பிறகு, அடிப்பக்கத்தில் ஒரு படை கூடப் போடுவார்கள். அதை எழுதமாட்டார்கள், கேட்கவும்மாட்டார்கள். அது வாங்குகிறவனுக்கு இல்லை, கடலுக்கு. நல்ல மனம் உள்ள கை கணக்கோடு நிற்காது. அந்தக் கூடுதல் படையால் ஒரு படகும் கெட்டதில்லை, எத்தனையோ படகு அதனால் கரை சேர்ந்திருக்கிறது. அதே மனம் இங்கே நூலை இன்னொருதரம் தொட்டிக்குள் விட்டது. படகுக்கு ஒரு படை கூடினால் தடிப்புக் கூடும். நூலுக்கு ஒரு குளிப்புக் கூடினால் தோல் மேலும் அரிபடும், பிசின் அதை விடாமல் கவ்வும், கால் முழுக்க ஒரே கல்லாய் இறுகும். பாரம் வைத்துப் பார்த்தால் முன்பைவிடக் கூடத் தாங்கும். ஒரு குதிப்பில் போகும்.

மிஸ் கதிரையை இழுத்து அவருக்கு முன்னால் இருந்து, இதை எல்லாம் மெதுவாகச் சொன்னா. அவர் கேட்டுக்கொண்டிருந்தார். பெரிய உடம்பு கொஞ்சம் கொஞ்சமாய்ச் சுருங்குவதை நான் பார்த்தேன்.

"அப்ப நான்தான் அவன்ட காலை ஒடிச்சிருக்கன்" என்றார்.

"அதைப் பிறகு கதைப்பம். எல்லாக் காலுக்கும் இப்பிடியோ?"

"இல்ல மிஸ். எல்லாத்துக்கும் போட நேரம் ஏது? தெரிஞ்ச ஆக்களுக்கு மட்டும்தான்."

சுருளில் பெயர் ஒட்டியிருக்கும் என்று சொன்னேனே. பெயரைப் பார்த்து, மனதுக்குப் பிடித்தவர் என்றால், ஒருதரம் கூட. ஆருக்குச் செய்தார் என்று அவர் மனதுக்குள் மட்டும்தான் இருந்தது. வேலைத்தளம் முழுக்க நின்று பார்க்க, ஒரு மனிதன் தான் ஆர் ஆரை நேசித்தேன் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

"கலீல். எங்கட பள்ளிவாசலுக்குத் தண்ணி கொண்டு வாற அசனார் காக்கா. திரியாய் ஊர்ப் புள்ள ஒண்டு, அளவெடுக்கக்குள்ள பாட்டுப் பாடின. படகுப்பக்க செல்வத்திட தம்பி." ஒவ்வொரு பெயருக்கும் ஒரு விரலை மடக்கினார். ஒவ்வொரு பெயர் விழும்போதும் மிஸ் பக்கத்தில் நின்ற ஒருவரைப் பார்த்தா, அவர் தொலைபேசியோடு வெளியே ஓடினார். அந்தக் காலைப் போட்டிருப்பவரை இருந்த இடத்திலேயே இருக்கச் சொல்ல, எழும்ப வேண்டாம் என்று சொல்ல.

"வேற?"

அவர் மடக்கிய கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெருவிரல் மட்டும் மிச்சம். எனக்குத் தெரிந்துவிட்டது.

"டீச்சருக்கு" என்றார். "எண்ட மகளை விளையாட அனுப்பமாட்டன் எண்டு நிண்ட என்னை, வீடு தேடி வந்து கதைச்சு, அவளைக் கூட்டிட்டுப் போனவ. இண்டைக்கு மகள் கிழக்கு மாகாணத்துக்கு விளையாடுறா. அதோட வினோ புள்ளட உம்மாவும்." என்னைப் பார்க்காமல் சொன்னார். "அவவுக்கு ரெண்டு தரம் கூட ஓட்டின."

அம்மாவுக்கு அழைத்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. மைதானத்தில் இருந்தால் அவ போனைப் பைக்குள் போட்டு மரத்தில் கொழுவிவிடுவா. சித்தீக் நானா மோட்டார் சைக்கிளைக் கிளப்பினார், நான் பின்னால் ஏறினேன். அம்மாவின் பாடசாலை இருக்கிற பாலையூற்றுக்குப் போகும் வழி முழுக்க அவர் ஓதிக்கொண்டே ஓட்டினார். ஒரு சந்தியில், ஊருக்குள் திரிகிற மான் இரண்டு நடுவீதியில் நின்றன. வழி விடச் சொல்லி அவற்றிடம் அழுதார்.

பாடசாலை வாசலில் இருந்தே கண்டேன். பிள்ளைகள் வட்டமாய் நிற்க, அம்மா நடுவில், பந்தோடு. துள்ளிப் பந்தைப் பிடித்து ஒற்றைக் காலில் இறங்குவது எப்படி என்று காட்டுகிறா. இடக்காலில்.

"அம்மா, துள்ளாதேங்கோ!"

அப்படி நான் என் வாழ்நாளில் கத்தியதில்லை. பிள்ளைகள் விறைத்துப் போனார்கள். பந்து உருண்டு ஓடியது. அம்மா இரண்டு காலிலும் நின்றா.

"ஆர் செத்தது?"

"ஒருத்தரும் இல்லை. கழட்டுங்கோ."

"என்னத்தை?"

"காலை!"

பிள்ளைகளுக்குச் சிரிப்பு. அம்மாவுக்கு இல்லை. என்னைப் பிடித்துப் பந்துப் பெட்டியில் இருத்தித் தானும் இருந்தா, நான் மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னதைக் கேட்டா.

"உடையும் எண்டு நிச்சயமோ?"

"நிச்சயம் இல்லை. உடைச்சுப் பாத்தால்தான் தெரியும்."

"அப்ப உடைச்சுப் பாத்திட்டு, நல்ல கால்தான் டீச்சர் எண்டு ஒட்டித் தருவியளோ? விசர்க் கதை. எனக்கு அடுத்த கிழமை போட்டி. திரும்பவும் அந்தக் கதிரையில என்னை இருத்தப் போறாய், அதுதானே?"

அவவின் கை அந்தத் தகட்டை மூடிப் பிடித்திருந்தது. அறிவியல் சொன்னால் நிச்சயம் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். அப்போதுதான் சித்தீக் நானா வாசலைத் தாண்டி வந்தார். வந்து, மணலில், அம்மாவின் காலுக்கு முன்னால் குந்தினார்.

"டீச்சர், நான்தான். நல்லா இருக்கட்டும் எண்டு கூடச் செஞ்சிட்டன். கலீல் விழுந்திட்டான். நீங்களும் விழுந்தா நான் எங்க போற?"

அம்மா அவரைப் பார்த்தா. பிறகு கையை எடுத்து, பூட்டைத் திறந்து, காலைக் கழற்றி அவர் கையில் கொடுத்தா. "உடைக்கிறதெண்டால் எனக்கு முன்னால உடைக்க வேணும்" என்றா.

இரண்டு பிள்ளைகள் தோள் கொடுக்க, ஓட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்தோம். மிஸ் காலை இடிகருவியில் பூட்டினா. உயரத்திலிருந்து இரும்புக் கட்டியை விழ விடுகிற கருவி அது. எந்தப் பாதமும் அதன் கீழ்ப்படியைப் பொருட்படுத்தாது, நாங்கள் வழக்கமாய் அங்கிருந்து தொடங்கி மேலே மேலே போவோம். கீழ்ப்படியில் வைத்து மிஸ் பிடியை விட்டா.

டிக்.

துண்டு மேசையிலிருந்து உருண்டு நிலத்தில் விழுந்தது, அந்தச் சத்தம்தான் பெரிதாய்க் கேட்டது. அரைமணி நேரத்துக்கு முன்பு அந்தக் காலில்தான் அவ துள்ளி இறங்கினா. மிஸ் பஞ்சைத் தேடினா, எடுத்தா, பிறகு திரும்ப வைத்துவிட்டா. தேவையில்லை. உடைந்த முகத்தின் பளபளப்பில் ஜன்னல் தெரிந்தது.

அம்மா சுவரைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தா. அவவின் முகத்தில் எனக்குத் தெரிந்த ஒன்றும் இல்லை. சித்தீக் நானா நிலத்தில் கிடந்த துண்டை எடுத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இனித் தொட்டிப் பக்கம் போகமாட்டன் மிஸ்" என்றார். "எனக்கு வேண்டிய ஆக்கள்ட பேரைக் கண்டா கை நிக்காது."

"போகாட்டி நூலுக்குச் சிக்கெடுக்க ஆர் இருக்கினம்?" அம்மாதான் சொன்னா. "எனக்கு அடுத்த காலுக்கும் நீங்கள்தான் ஓட்டவேணும். எல்லாருக்கும் ஓட்டுறதை ஓட்டுங்கோ. அவ்வளவும் போதும்."

"உங்களுக்கும் மற்ற ஆக்களுக்கும் ஒண்டா டீச்சர்? அப்ப உங்களுக்கெண்டு நான் என்ன செய்யிற?"

"சுகமோ எண்டு கேளுங்கோ."

அவர் துண்டை மேசையில் வைத்தார். கையை இடுப்புச் சாரத்தில் துடைத்தார். உண்மையாகவே கேட்டார்.

"சுகமா டீச்சர்?"

"இல்லை" என்றா அம்மா. "ஒற்றைக் காலில எவ்வளவு நேரம் நிக்கிறது? அந்தக் கதிரையை இழுத்துப் போடுங்கோ."